ஆய்வேடா? அச்சுக்கூலியா?

"இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை கிடையாது" என்னும் குற்றச்சாட்டு, பட்டமளிப்பு விழா மேடைகளிலும் சமுதாயக் கூட்டங்களிலும் தவறாமல் ஒலிக்கிறது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கற்றவர்கள். நல்ல எண்ணம் உடையவர்கள். எனினும் அவர்கள் கூற்று பிழையானது. பிழை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

இளங்கலை அறிவியல் பயிலும் ஒரு மாணவன் ஆய்வு செய்கிறானா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அவனுடைய மூளையின் கூர்மை அன்று. அவன் ஒரு கேள்வியோடு வந்து நிற்கும்போது அவனுடைய ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதே முதற்காரணம். அந்த ஆசிரியருக்கு நேரமும் நூலும் கருவியும் மனஅமைதியும் கொடுக்கப்பட்டுள்ளனவா என்பது இரண்டாவது. மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் பிள்ளை ஆய்வுக்கூடத்தில் நிற்க வீட்டார் இசைகிறார்களா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் விட்டுவிட்டுப் பிள்ளையைப் பழிப்பது, விதைக்காத வயலைப் பார்த்து விளையவில்லையே என்று வைவதற்கு ஒப்பாகும்.

அரபு மொழியும் மார்க்கமும் கற்பிக்கும் ஒருவனுக்கு இயற்பியலிலும் வேதியியலிலும் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அறிவைத் தேடும் ஒழுங்கு எல்லாத் துறைக்கும் ஒன்றே. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், தாமே கண்டாரா, கேட்டதை மாற்றாமல் சொன்னாரா என்று ஒவ்வொரு செய்தியையும் உரைத்துப் பார்த்த ஹதீஸ் கலையின் வாரிசுகள் நாம். அந்த உரைகல்லை இன்றைய கல்லூரி ஆய்வேட்டின் மீதும் ஒருமுறை உரசிப் பார்ப்பது நமக்குரிய வேலையே ஆகும்.

ஊர்ப்பெயர் மாறிய ஆய்வு

எங்கள் கீரனூர், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட சாலையில் இருக்கிறது. காலையில் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால், வடக்கே திருச்சிக் கல்லூரிகளுக்கும் தெற்கே புதுக்கோட்டைக் கல்லூரிகளுக்கும் செல்லும் பிள்ளைகளின் கூட்டத்தைக் காணலாம். பர்தா அணிந்த பெண்பிள்ளைகள் அக்கூட்டத்தில் நிறைய உண்டு. சென்ற தலைமுறையில் இக்காட்சி அரிது. இதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துகிறோம்.

அப்பிள்ளைகளுள் ஒருவர், மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில், தம் ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு துஆச் செய்யுமாறு கேட்டு என்னிடம் வந்தார். கெட்டியான அட்டை, பொன்னிற எழுத்து, உள்ளே பளபளக்கும் தாள். எங்கள் வட்டாரத்துக் கிணற்று நீரைப் பற்றிய ஆய்வு என்று தலைப்பு கூறியது. எனக்கு மிக்க மகிழ்ச்சி. "தம்பி, எந்தத் தெருக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். பிள்ளை தலைகுனிந்தார். "ஹஜ்ரத், எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க. கடையிலேயே பழைய புராஜெக்ட் இருக்கும். ஊர்ப்பெயரை மட்டும் மாத்திக் கொடுத்திடுவாங்க" என்றார்.

பொய் சொல்லாத பிள்ளை. கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிட்டார். இப்பிள்ளையின் மீது எனக்குச் சினம் எழவில்லை. கிணற்றில் ஒரு வாளி நீர் கூட இறைக்காமல், அந்நீரின் உப்பும் காரமும் இவ்வளவு என்று அட்டவணை போட்ட ஏட்டில் வழிகாட்டி கையொப்பமிட்டிருக்கிறார். துறை முத்திரை குத்தியிருக்கிறது. தேர்வாளர் மதிப்பெண் போடப்போகிறார். இத்தனை பெரியவர்களும் சேர்ந்து நடத்தும் நாடகத்தில் பிள்ளை ஒரு சிறு வேடம் தாங்குகிறார், அவ்வளவே. இப்போது கடைக்குப் போகவும் தேவையில்லை. தலைப்பைச் சொன்னால் கைப்பேசியே முழு ஏட்டையும் எழுதித் தந்துவிடுகிறது.

ஹதீஸ் கலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அறிவிப்பாளர் தொடர் ஒழுங்காக இருப்பது போலத் தோன்றும். செய்தி மட்டும் புனையப்பட்டதாக இருக்கும். அதை மவ்ழூஉ என்று ஒதுக்கி, புனைந்தவரின் பெயரை ஏட்டில் எழுதி வைத்து, அவர் சொல்லும் எதையும் ஏற்காதீர் என்று உலகுக்கு அறிவித்தார்கள் நம் இமாம்கள். ஒரே ஒரு ஹதீஸைக் கேட்டவர் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்பதற்காக, ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதப் பயணம் சென்று, அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாசலில் போய் நின்றார்கள். அந்த உம்மத்தின் பிள்ளை, அடுத்த தெருக் கிணற்றுக்குப் போகாமல் ஆய்வேடு தருகிறது என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே!

கண்ணாடிக் குண்டும் கடன் வாங்கிய நூலும்

ஆய்வு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி என்றொரு மாணவர் இருந்தார். ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குள் நுழையும்போது வளைவதைப் பற்றி அவருக்கு ஓர் ஐயம். கையில் இருந்த நூல்கள் சொன்னது அவர் மனத்துக்கு ஒப்பவில்லை. தம் ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸியிடம் சென்று கேட்டார். அந்த ஆசிரியர் பேரறிஞர். மராகா வானாய்வுக் கூடத்தில் நஸீருத்தீன் தூஸியிடம் பயின்றவர். "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே" என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. இளமையில் ஒரு நூலகத்தில் இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூலைக் கண்டது அவர் நினைவுக்கு வந்தது. அந்நூலைத் தொலைவிலிருந்து வரவழைத்து மாணவரின் கையில் கொடுத்தார்.

அதன் விளைவு என்ன? கமாலுத்தீன் அந்நூலுக்குத் 'தன்கீஹுல் மனாழிர்' என்னும் பேருரை எழுதினார். மழைத்துளிக்கு ஈடாக, நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குண்டை இருட்டறையில் வைத்து ஒளியைச் செலுத்திப் பார்த்தார். துளிக்குள் நுழையும்போது ஒருமுறையும் வெளியேறும்போது மறுமுறையும் ஒளி வளைகிறது. இடையே உள்ளே பட்டுத் திரும்புகிறது. அதனாலேயே வானவில் தோன்றுகிறது என்று நிறுவினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் தியோடரிக் என்னும் பாதிரியாரும் தனியாக இதே முடிவை எட்டினார்.

இங்கே செலவான பணம் எவ்வளவு? ஒரு கண்ணாடிக் குண்டு, ஒரு குடம் தண்ணீர், ஒரு நூல். விலைமதிக்க முடியாதவை வேறு இரண்டு. ஒன்று, மாணவன் கேட்கத் துணிந்தது. மற்றொன்று, ஆசிரியர் தமக்குத் தெரியாததை மறைக்காமல், தெரிந்தவரின் நூலைத் தேடித் தந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்தில் உலூக் பேக் அரசர் நடத்திய அறிவவையைப் பற்றி, அங்கே பணியாற்றிய கணித மேதை ஜம்ஷீத் அல்காஷி தம் தந்தைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அறிவுப் பொருளில் அரசருக்கு அஞ்சி யாரும் தலையாட்டக் கூடாதாம். சில வேளை அரசரே வேண்டுமென்று தவறான ஒன்றைச் சொல்வாராம். மரியாதைக்காக எவரேனும் ஒத்துக்கொண்டால் அவரை வெட்கப்படச் செய்வாராம். அரசரிடமே மறுத்துப் பேசலாம் என்றிருந்த மத்ரஸாவை அங்கே காண்கிறோம். இன்று நம் கல்லூரிகளில் ஒரு மாணவன் எழுந்து "ஐயா, பாடநூலில் உள்ளது சரிதானா?" என்று கேட்டால் என்ன நடக்கும்? அகமதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது என்பது அந்த மாணவனுக்கு நன்றாகத் தெரியும்!

தமிழ் மண்ணில் நடந்தவை

பழம்பெருமை பேசுகிறேன் என்று யாரும் கருத வேண்டா. நம் தமிழகத்துக்கே வருவோம். 1906-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவரும் அறிவியல் ஏட்டில் அச்சாயிற்று. அவருக்கு அப்போது வயது 18. சி. வி. இராமன் என்பது அவர் பெயர். எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கும் நிறமாலைமானியைக் கொண்டு செய்யும் வழக்கமான சோதனையில், பாடநூல் சொல்லாத ஒளிப்பட்டைகள் அவர் கண்ணில் பட்டன. பட்டதைத் துடைத்துவிட்டுப் பாடநூல் சொன்ன விடையை எழுதாமல், அப்பட்டைகளைத் தொடர்ந்து ஆராய அக்கல்லூரியின் ஆய்வுக்கூடம் அவருக்கு இடம் கொடுத்தது.

அதே கல்லூரியில் 1928-ஆம் ஆண்டில் ஆனர்ஸ் மாணவராக இருந்தவர் எஸ். சந்திரசேகர். அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்ஃபெல்டை அவர் நேரில் சென்று சந்தித்தார். அவர் கற்ற இயற்பியல் பழையதாகிவிட்டது என்று அப்பேராசிரியர் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படியையும் அந்த இளைஞரிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1929-இல், சந்திரசேகரின் கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியாயிற்று. குத்புத்தீன் ஷீராஸி தந்த நூலையும் சோமர்ஃபெல்டு தந்த அச்சுப்படியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே செயல் அல்லவா?

"அவர்கள் மேதைகள், பிறவியிலேயே வாய்த்தவர்கள். நம் பிள்ளைகளை அவர்களோடு ஒப்பிடலாமா?" என்று சிலர் கேட்பர். மேதையாக இருந்தால் மட்டும் போதும் என்றால், கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தவறியது ஏன்? தேர்வு அவரைத் தள்ளிவிட்டது. 1907-இல் வி. இராமசாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தின் ஏடுதான் 1911-இல் அவருடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டது. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. வாசிக்க ஒருவரும், வெளியிட ஓர் ஏடும், வயிற்றுக்குச் சோறும் கிடைக்காமல் போயிருந்தால், அம்மேதையும் நாமறியாத ஒரு கணக்கராகவே மறைந்திருப்பார்.

மேதைகளை விட்டுவிடுவோம். ஒரே ஓர் ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று, பிரெஞ்சுக் கணித அறிஞராகிய பாதிரியார் சார்லஸ் ராசீன். 1937-இல் இந்தியா வந்த அவர், முதலில் நம் திருச்சித் தூய வளனார் கல்லூரியிலும், 1939 முதல் 1967 வரை சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கற்பித்தார். பாடத்திட்டத்தில் இல்லாத புதிய கணிதத்தை மாணவர்க்கு எடுத்துக் காட்டினார். ஆர்வமுள்ளவர்களை மும்பையிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன், சி. பி. இராமானுஜம் என உலகம் மதிக்கும் கணித அறிஞர்கள் அவர் வகுப்பிலிருந்து சென்றார்கள். ஒரே கல்லூரிக்கு மட்டும் அல்லாஹ் மூளையை அள்ளிக் கொடுத்தானா? இல்லை. அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். அதுவே வேறுபாடு.

கே. எஸ். கிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செயல்முறை உதவியாளராக இருந்தபோது, நண்பகல் உணவு வேளையில் மாணவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஓர் உரையாடல் நடத்தினார். அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் அதற்கு வந்தார்கள். இதற்கு எந்த மானியம் தேவைப்பட்டது? எந்தக் கட்டடம் தேவைப்பட்டது?

எண்ணிக்கை என்னும் நோய்

இன்றைய ஆசிரியர்களிடம் அந்த ஈடுபாடு இல்லையா? உண்டு. ஆனால் அவர்கள் நிலையையும் நாம் பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் கௌரவ விரிவுரையாளர்களாக, அடுத்த ஆண்டு வேலை இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில் பணியாற்றுகிறார்கள். சுயநிதிப் பிரிவுகளிலோ, வகுப்பு முடிந்தால் மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகச் செல்லும் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது. தமக்கே ஒரு கேள்வியை நினைக்க நேரமில்லாதவர், நாற்பது மாணவர்களின் கேள்விகளுக்கு எங்கே போவார்? கடையில் வாங்கிய ஏடு என்று தெரிந்தும் கையொப்பமிடும் அவர் கை, களைத்துப்போன கை.

இந்நோய்க்குப் பல்கலைக்கழக மானியக் குழு கண்ட மருந்து, கட்டுரைகளை எண்ணுவது. 2010-ஆம் ஆண்டு விதிகள், பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையைப் புள்ளிகளாக்கின. உடனே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஏடுகள் மழைக்காலத்துக் காளான்கள் போல முளைத்தன. தான் ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்தே 2018 மே மாதத்தில் 4,305 ஏடுகளை அக்குழு நீக்க நேர்ந்தது. பிறகு வேறொரு பட்டியலைக் கொண்டுவந்து, அதையும் 2025-இல் கைவிட்டது. எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கை கிடைத்தது. அறிவைக் கேட்டிருந்தால் அறிவு கிடைத்திருக்கும்.

இளங்கலை மாணவரும் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்று இன்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. ஆசிரியரைக் கெடுத்த நோயை மாணவருக்கும் ஊட்டும் யோசனை இது. வெளியீடு என்பது ஆய்வின் நிழல். நிழலைப் பிடிக்க ஓடுபவனுக்கு உருவம் கிட்டாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969-இல் இளங்கலை மாணவருக்கான ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது செய்தது, மாணவரைப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குள் சேர்த்துவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தால் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்பதே அதன் தத்துவம். நம் மத்ரஸாக்களில் உஸ்தாதின் முன் முழந்தாளிட்டு அமர்ந்து ஓதும் முறையின் தத்துவமும் அதுவே.

வீட்டார் செய்ய வேண்டியவை

அரசையும் கல்லூரியையும் மட்டும் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பிள்ளை கல்லூரியிலிருந்து வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்காத வீடு உண்டா? "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேட்கும் வீடு எத்தனை? சமுதாய விழாக்களில் முதல் மதிப்பெண்ணுக்குக் கேடயம் கொடுக்கிறோம். ஓராண்டு முழுவதும் ஒரே கண்மாயின் நீரை அளந்து, குறித்து வைத்த பிள்ளைக்கு எப்போதாவது ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கிறோமா?

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. நான்கு மணிப் பேருந்தில் வந்துவிட வேண்டும் என்பது பல வீடுகளில் சட்டம். பாதுகாப்பு குறித்த பெற்றோரின் கவலை நியாயமானதே. அதை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் பேருந்து நேரம் வந்ததும் பாதியில் சோதனையை விட்டுவிட்டு ஓடும் பிள்ளையிடம் ஆய்வை எதிர்பார்க்க முடியுமா? புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் சேரச் சென்றபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அதை ஒதுக்கி இடம் கொடுத்தார். அப்பெண்மணி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். நம் மாவட்டத்தில் நடந்த வரலாறு இது. வாரத்தில் இரண்டு நாள் மாலையில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து தங்கி, சேர்ந்து ஊர் திரும்ப ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்வது ஒரு ஜமாஅத்துக்கு இயலாத காரியமா?

உதவிகள் இருப்பதையும் நாம் அறிந்துகொள்வதில்லை. மத்திய அரசு 2008-இல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தில், அடிப்படை அறிவியல் பயிலும் தேர்ந்த மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வகுத்தார்கள்; அதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து, தேர்ந்த விஞ்ஞானி ஒருவருடன் இரண்டு மாதம் பணியாற்ற மாணவர்க்கு உதவித்தொகை அளித்து வருகின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் தருகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குக் கடன் வாங்கிக் கட்டும் வீடுகளில், இவற்றுள் ஒன்றன் பெயராவது தெரியுமா?

ஆய்வுக்குப் பொருள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டா. கீரனூரைச் சுற்றி வந்தால் போதும். தைலமரக் காடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்று நம் மாவட்டத்து விவசாயிகள் பல்லாண்டுகளாக முறையிடுகிறார்கள். காட்டை ஒட்டிய கிணற்றின் நீர்மட்டத்தையும், தொலைவிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தையும் மூன்றாண்டு மாதந்தோறும் கயிறு விட்டு அளந்தால் அதுவே ஓர் ஆய்வு. ஆயிரக்கணக்கான கண்மாய்கள் உள்ள மாவட்டம் இது. எந்தக் கண்மாயில் எந்த மீன், எந்தப் பறவை, எந்தப் பாசி என்று எழுதலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வீழ்த்திய தோப்புகளில் எந்த மரம் மீண்டும் துளிர்த்தது, எது பட்டுப்போயிற்று என்று கணக்கெடுக்கலாம். நார்த்தாமலைக் குன்றுகளின் பாறை இடுக்குகளில் வளரும் செடிகளைச் சேகரிக்கலாம். திருச்சித் தூய வளனார் கல்லூரியில் பாதிரியார் கே. எம். மாத்யூ 1967-இல் தொடங்கிய ராபினட் தாவரச் சேமிப்பகம் அப்படி ஊர் ஊராகச் சென்று சேர்த்ததே. அச்செடிகளைக் கொண்டுதான் தமிழகத்துச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை அவர் எழுதினார்.

செல்வர்களுக்கு ஒரு சொல். மராகா வானாய்வுக் கூடம் 1259-இல் எழுந்தபோது, அது வக்ஃபு வருமானத்தால் நடந்தது. கோளைப் பார்ப்பதற்கும் அறச்சொத்து எழுதி வைத்த சமுதாயம் இது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியையும் சென்னைப் புதுக் கல்லூரியையும் 1951-இல் நம் முன்னோர் எழுப்பினார்கள். கட்டடம் அவர்கள் கடமை, முடித்துவிட்டார்கள். அக்கட்டடத்துக்குள் ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாள் வகுப்பின்றி ஆய்வுக்கென ஒதுக்கவும், ஒரு நுண்ணோக்கியைப் பழுதுபார்க்கவும், ஒரு நூலை வரவழைக்கவும் ஆகும் செலவு நம் தலைமுறையின் கடமை. ஒரு திருமண விருந்தின் பந்தல் செலவில் இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

இறைமறையின் முதல் கட்டளையே ஓதுமாறு ஏவியது. ஓதுவது என்பது பிறர் எழுதியதை நகல் எடுப்பது அன்று. ஆகவே, பொன்னெழுத்து அட்டையோடு உங்கள் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, அதற்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்று கேட்காதீர்கள். நீ நேரில் கண்டது என்ன, யார் உன்னோடு நின்றார், எது இன்னும் விளங்கவில்லை என்று கேளுங்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் பிள்ளை விடை சொன்னால், ஏடு பத்துப் பக்கமே ஆனாலும் அதுவே ஆய்வு. விடை இல்லையெனில், பிள்ளையை ஏசாமல் கல்லூரிக்குச் செல்லுங்கள். ஆசிரியரைக் கண்டு, உங்களுக்கு என்ன குறை, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று வினவுங்கள். கேட்கும் சமுதாயத்துக்கே அல்லாஹ் கற்கும் பிள்ளைகளை அருள்வான், இன்ஷா அல்லாஹ்.